பதினேழாம் நம்பர் உடம்பு

இடிக்குதுங்களாண்ணா? மன்னிச்சுக்கங்க. ரோலை இப்படி நேரா நிறுத்திக்கறேன். பேனருங்க இது. ஆறுக்கு நாலு. மடிச்சா கோடு விழுந்துரும், அதனால சுருட்டித்தான் கொண்டு போகணும். இப்பப் பரவால்லீங்களா? இன்னும் இடிக்குதா? ரோல் இந்தப் பக்கம் வந்துருச்சே, அப்புறம் எது...

ஓ. சரிங்க. நான் ஓரமா வந்துக்கறேன். ஒரு காலை வெளிய வெச்சுக்கிட்டா உங்களுக்கு எடம் கெடைக்கும். எனக்குப் பழக்கம்தான். நான் ரொம்ப குண்டுன்னு சொல்ல முடியாதுங்கண்ணா. எலும்பு அகலம். எங்கப்பா வகையறாவுல எல்லாருக்கும் இப்படித்தான். இப்ப வர்ற பஸ்ஸுல சீட்டையும் குறுக்கிட்டாங்க, நீங்களே பாருங்க.

நான் கரட்டுப்புதூர்ல எறங்கிருவேன். நீங்க? அதுக்கும் அந்தாண்டையா. அப்பச் சரி, முக்கா மணி நேரம் இருக்குது. நான் எறங்கறப்ப இந்த ரோலைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்.

கல்யாணப் பேனர் இல்லீங்க. காதுகுத்தும் இல்ல. மொதலாம் வருச நினைவஞ்சலி. மகுடேஸ்வரன்னு ஒரு பையன், என் வயசு. நண்பன்னு சொல்லலாமான்னு தெரியல. சரியாச் சொல்லணும்னா, கஸ்டமர். அவங்கம்மா கேட்டாங்க, பண்ணிக் கொண்டு போறேன். ஒரு மாசமா எனக்கு வேற நெனப்பே இல்ல. அந்தம்மா இதை விரிச்சுப் பார்த்துட்டு, 'ஆமாங்கண்ணு, இது எம் பையன்தான்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் லீவு போட்டுட்டுப் போறேன். சொல்லுவாங்களான்னுதான் தெரியல.

எம் பேரு நல்லேந்திரன். ராசிபுரத்துல ஒரு பிளெக்ஸ் கடையில டிசைனரா இருக்கறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்க சொந்தத்துலயே காலேஜ் வாசல் மிதிச்ச மொத ஆளு நான்தான். எங்கப்பா லாரிப் பட்டறையில வெல்டிங் பண்றாரு. யாராச்சும் 'பையன் என்ன பண்றான்'னு கேட்டா, 'கம்ப்யூட்டர்ல இருக்கறான்'ம்பாரு. பொய் இல்லைங்க. கம்ப்யூட்டர்லதான் இருக்கறேன்.

வேலை என்னன்னா, உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க ரோட்டோரம் பார்க்கற பேனர்ல பாதிப் பேருக்குக் கழுத்துக்குக் கீழ இருக்கறது அவங்க உடம்பு இல்லீங்க. போட்டோ குடுக்க வர்றவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. 'தம்பி, உடம்பை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ.' அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க, நாங்களும் கேக்க மாட்டோம். எங்க கம்ப்யூட்டர்ல 'உடம்பு'ன்னு ஒரு போல்டர் இருக்குது. நாப்பத்தி மூணு உடம்பு. வேட்டி சட்டை, கோட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது, கும்புடறது. வர்றவங்க தலையை வெட்டி எடுத்து, பொருத்தமான உடம்புல வெச்சு, கழுத்துக்கிட்ட நிறத்தைச் சரி பண்ணிருவோம். கழுத்துதாங்க வேலையே. கழுத்து சரியா உக்காந்துருச்சுன்னா யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அதுல பதினேழாம் நம்பர் உடம்பு ரொம்ப ராசியானது. கருப்புச் சட்டை, கை மடிச்சு விட்டிருக்கும், தோள் அகலம், வயிறுன்னு ஒண்ணே இல்ல. அது யாரு உடம்புன்னு எங்களுக்கே தெரியாது. கவுன்சிலருக்கு அதுதான், தாய்மாமன் சீருக்கு அதுதான், ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டு எதிரெதிர்ல பேனர் வெச்சாங்க, ரெண்டு பேருக்கும் அதேதான். ஒருத்தரும் கண்டுக்கல. எல்லாரும் அவங்கவங்க தலையை மட்டுந்தான் பார்க்கறாங்க.

மகுடுக்கும் பதினேழுதான்.

மகுடு ஜவ்வரிசி மில்லுல டெம்போ ஓட்டிக்கிட்டு இருந்தான். அவங்கம்மா பாவாயி, அதே மில்லுல களத்துல ஜவ்வரிசி காய வெக்கற வேலை. அப்பா இல்ல. இவன் நடிகர் அதிரனோட நற்பணி மன்றத்துல கிளைச் செயலாளர். நல்ல குண்டுங்கண்ணா அவன். என்னைவிட. என்னைவிட ரொம்பவே. டெம்போவுல ஏறி உக்காந்தா வண்டி ஒரு பக்கம் சாயும்னு பசங்க சொல்லுவாங்க. 'மகுடு, ஸ்டெப்னி டயரை இடுப்புலயே வெச்சிருக்கியாடா'ம்பாங்க. அவனும் சிரிப்பான். வயித்தை ரெண்டு தட்டுத் தட்டி, 'பஞ்சரே ஆகாத டயருடா'ம்பான். நல்லா சிரிப்பான்.

அதிரன் படத்துல எல்லாம் கூடவே ஒரு குண்டு நண்பன் வருவான், பார்த்திருப்பீங்க. அவன் உக்காந்தா நாற்காலி உடையும், ஓடினா விழுவான், அவனைப் பார்த்ததும் பொண்ணு மூஞ்சியைத் திருப்பிக்கும். தியேட்டரே சிரிக்கும். மகுடுதான் அதுக்கு மொத விசிலு. நானும் பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கேன். இன்டர்வல்ல பசங்க எல்லாம் பப்ஸ் வாங்குவாங்க. இவன் வாங்க மாட்டான். 'பசிக்கல நல்லு'ம்பான். எனக்கும் பசிக்காது. படம் விட்டதும் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் கெளம்பிருவோம். அஞ்சு நிமிசம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே தள்ளுவண்டிக் கடையில பார்த்துக்குவோம். புரோட்டா வரும், சாப்பிடுவோம்.

போன வருசப் பொங்கலுக்கு அதிரன் படம் ரிலீஸ். சட்டையே போடாம, வயித்துல கட்டம் கட்டமா, கையில அருவா. தியேட்டர் வாசல்ல இருபதடிப் பேனர். அதிரனுக்குப் பக்கத்துல மகுடு நிக்கற மாதிரி. 'உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கோ நல்லு'ன்னான். பார்த்துக்கிட்டேன். பதினேழு. கன்னத்தையும் ரெண்டு பக்கம் சீவி விட்டேன். கழுத்து அப்படி உக்காந்துச்சுங்க, நான் பண்ணினதுலயே நல்ல கழுத்து அதுதான். மகுடு திரையையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம், 'இவன் நல்லாயிருக்கான்டா'ன்னான். நான்னு சொல்லல. இவன்னு சொன்னான்.

இங்க ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டா சரியா இருக்காது. அந்தப் பேனருக்கு விநியோகஸ்தர் ஆபீசுல இருந்து போட்டோ எல்லாம் அனுப்பினாங்க. அதுல தவறுதலா ஒரு படம் வந்துருச்சு. அதிரனோட அதே காட்சி, அதே அருவா, ஆனா கம்ப்யூட்டர்ல வேலை பண்றதுக்கு முன்னாடி எடுத்தது. அம்பது வயசு மனுசன்ங்கண்ணா. வயிறு பெல்ட்டுக்கு மேல வழியுது. மாரு தொங்குது. நம்ம மாதிரியே. கட்டம் ஒண்ணு கூட இல்ல, எல்லாம் எங்க மாதிரி எவனோ வரைஞ்சது. நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்துட்டு இருக்கறேன், கதவைத் தள்ளிக்கிட்டு மகுடு உள்ள வர்றான். 'என்னடா பார்க்கற?'

நான் அதைக் கீழ எறக்கிட்டேன். 'ஒண்ணுமில்ல, காதுகுத்து'ன்னுட்டேன்.

ஏன் காட்டலைன்னு இப்ப யோசிச்சுப் பார்க்கறேன். காட்டியிருந்தா அடிச்சிருப்பான்னு அப்ப நெனச்சேன். இருக்கலாம். அடிச்சிருந்தா அடிச்சிருக்கட்டும். சாயங்காலம் ஆபீசுல இருந்து போன் வந்துச்சு, அழிக்கச் சொன்னாங்க, அழிச்சுட்டேன்.

அப்புறம் பங்குனியில, அதிரன் மாவட்டத்துக்குப் பன்னண்டு பேரைக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கறாருன்னு சேதி வந்துச்சு. சென்னையில ஒரு கல்யாண மண்டபத்துல. பன்னண்டு பேருல மகுடு ஒருத்தன். அடையாள அட்டை எங்க கடையிலதான் அடிச்சோம். இடுப்பு வரைக்கும் போட்டோ வர்ற மாதிரி அட்டை. பேனருக்குப் பண்ணின பைலு கையில இருந்துச்சு, அதையே எடுத்துப் போட்டுட்டேன். அடையாள அட்டைங்கறது வேற, பேனருங்கறது வேறன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. வேற கடையில வேலை பார்க்கறவனா இருந்தா தோணியிருக்கும். எங்களுக்கு எல்லாமே பேனருதான்.

மண்டபத்து வாசல்ல நின்னவன் அட்டையைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். 'யாருய்யா இது?' 'நான்தான்ண்ணா.' 'நீயா? அப்ப இவனை முழுங்கிட்டு வந்தியா?' வரிசையே சிரிச்சிருக்குது. நம்ம மாவட்டத்துப் பசங்க பதினோரு பேரும் சேர்ந்துதான். அதுல ஒருத்தனாவது 'ஆமாங்க, இவன்தான்'னு சொல்லியிருக்கலாம். சொல்லலாம்னு வாயத் தொறந்தானாம் ஒருத்தன், சிரிப்பு வந்துருச்சாம். மகுடுவை ஓரமா நிக்கச் சொல்லிட்டாங்க. ஓரமாவே நின்னுட்டுத் திரும்பி வந்துட்டான்.

கடைக்கு வந்து எல்லாத்தையும் எங்கிட்டச் சொன்னான். 'முழுங்கிட்டு வந்தியா'ன்னு அவன் சொன்னப்ப, சரியாச் சொல்லணும்னா, நானும் சிரிச்சுட்டேன். ஒரு செகண்டு. உடனே நிறுத்திட்டேன். அவன் பார்த்துட்டான்.

'வேற அட்டை அடிச்சுத் தர்றேன் மகுடு, உன் சொந்தப் போட்டோவைப் போட்டு'ன்னேன்.

'அட்டையை மாத்தாத. நான் மாறிக்கறேன்'னான்.

தீபாவளிக்கு மறுபடி போட்டோ எடுக்கறாங்கன்னு சொல்லியிருந்தாங்க. ஏழு மாசம் இருந்துச்சு.

காலையில ஒரு முட்டை, ராத்திரி ஒரு வெள்ளரிக்கா. அவங்கம்மா கிட்ட மில்லுலயே சாப்பிட்டுட்டேன்னு சொல்லிருவான். யாரோ ஒரு ஜிம்முக்காரன் மாத்திரை குடுத்தான். அதைப் போட்டுக்கிட்டா நெழல்ல நின்னாலும் சட்டை நனையும். கை நடுங்கும். 'கொழுப்பு உருகுது நல்லு, உனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது'ம்பான். எனக்கும் வாங்கித் தர்றேன்னான். எனக்கு எதுக்குங்க, நான் அந்த அளவுக்கு இல்லன்னு சொல்லிட்டேன்.

மாசம் ஒருக்கா கடைக்கு வருவான். செவுத்தோரம் நிப்பான், நான் போட்டோ எடுப்பேன். அதைப் பதினேழாம் நம்பர் மேல வெச்சு, பாதி தெரியற மாதிரி பண்ணிக் காட்டணும். இவன் உடம்புல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதுக்கு மட்டும் செவப்பு அடிச்சுக் காட்டுவேன். மொத மாசம் திரையெல்லாம் செவப்பு. 'இன்னும் எவ்வளவுடா?'ம்பான். 'இவ்வளவு'ம்பேன். அப்புறம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சுங்கண்ணா, மறைக்க மாட்டேன். நல்லா கொறைஞ்ச மாசத்துல கையைக் குடுத்தேன். பார்த்து முடிச்சதும், 'அழி'ம்பான். 'என் கண்ணு முன்னாடி அழி. குப்பைத் தொட்டியிலயும் அழி.' அழிச்சுருவேன்.

ஐப்பசி பொறந்து அஞ்சாம் நாளு கடைசியா வந்தான். வெச்சுப் பார்த்தேன். செவப்பு இல்ல. காதோரம் ஒரு நூல் மாதிரி இருந்துச்சு, அதுவும் தலைமுடி. கழுத்துல தோல் தொங்குச்சு, கண்ணு உள்ள போயிருந்துச்சு, அதெல்லாம் பதினேழோட ஒப்பிட்டுப் பார்க்கற விசயத்துல வராது. 'சேர்ந்துட்டேன் பாரு'ன்னான். அந்த ஒரு படத்தை மட்டும் அழிக்கச் சொல்லல.

எட்டு நாள் கழிச்சு மில்லுல மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தவன் அப்படியே உக்காந்துட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுது. இருதயம்னாங்க. இருபத்தஞ்சு வயசு. தூக்கினவங்க சொன்னாங்க, ரொம்ப லேசா இருந்தான்னு. நாலு பேரு வேண்டியிருக்கல, ரெண்டு பேரே போதுமா இருந்துச்சுன்னு. அதை ஒரு பெருமை மாதிரி சொன்னாங்க.

தீபாவளிக்குப் போன பசங்க மகுடோட அட்டையை அதிரன்கிட்டக் காட்டியிருக்காங்க. அவரு வாங்கிப் பார்த்துட்டு, 'அடடா, என்னா உடம்பு, என்னா உடம்பு'ன்னாராம். பதினேழாம் நம்பரைத்தான்.

கண்ணீர் அஞ்சலிப் பேனர் நான்தான் பண்ணினேன். மன்றத்துப் பசங்க 'நல்ல படமாப் போடு'ன்னாங்க. நல்ல படம்னா எது? பதினேழு. மாலை போட்டு, மேல விளக்கு வெச்சு. கரட்டுப்புதூர் ஸ்டாப்புல கட்டினாங்க. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அதே ஸ்டாப்புல ஒரு கல்யாணப் பேனர் வந்துச்சு. அதுவும் எங்க கடைதான். மாப்பிள்ளைக்கு என்ன உடம்புன்னு நான் கவனிக்கவே இல்லீங்க. வேலை அப்படி, ஒரு நாளைக்கு இருபது பேனர். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. அதே கருப்புச் சட்டை, அதே மடிச்சு விட்ட கை.

காரியத்துக்குப் போயிட்டு நான் பஸ்ஸுக்கு நிக்கறேன். பாவாயம்மா அங்க நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. களத்துல இருந்து வந்தவங்க மாதிரி கையெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும், 'ஏங்கண்ணு, இந்தப் படம் நீ பண்ணினதுதானே?'ன்னாங்க. ஆமாங்கம்மான்னேன்.

'மூஞ்சி எம் பையன் மூஞ்சி. கழுத்துக்குக் கீழ யாரு சாமி இது?'

நான் பஸ் வர்ற பக்கமாத் திரும்பிக்கிட்டேன்.

'இங்க செத்துட்டான். அங்க கல்யாணம் பண்ணிக்கறான். யாருன்னு தெரிஞ்சா சொல்லு கண்ணு, போயிப் பார்த்துட்டாவது வர்றேன்.'

கேலியாக் கேக்கலீங்க. நெசமாத்தான் கேட்டாங்க. அப்படி ஒரு உடம்பு எங்கயோ இருக்குது, அதைத் தேடித்தான் எம் பையன் போயிட்டான்னு நெனச்சிருப்பாங்க போல. நான் பஸ் வந்துருச்சுன்னு ஏறிட்டேன். அது என் பஸ்ஸு கூட இல்ல.

அப்புறம் பதினோரு மாசம் நான் இந்தப் பக்கமே வரல. போன மாசம் அந்தம்மாவே கடைக்கு வந்துட்டாங்க. கையில ஒரு துணிப்பை. பையில இருந்து ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்து மேசை மேல விரிச்சாங்க. டெய்லர்கிட்ட அளவு சட்டை குடுப்பாங்க பாருங்க, அப்படி.

'வருசம் வருது கண்ணு. எம் பையன் படம் ஒண்ணு வேணும். இந்த அளவுக்கு இருப்பான்.'

'இருக்குதுங்கம்மா'ன்னு அந்தக் கடைசிப் படத்தைத் திறந்து காட்டினேன். அது ஒண்ணுதான் நான் கை வெக்காத படம். பொய்யே இல்லாத படம். அந்தம்மா ஒரு தடவைதான் பார்த்தாங்க. 'இது சாகப் போறவன். எனக்கு இவன் வேண்டாம். வயித்தோட இருந்தானே, அவன் வேணும். சோறு தின்னுட்டு வயித்தைத் தட்டிக்கிட்டு, போதும்மான்னு சொல்லுவானே, அவன்'னாங்க. சட்டையை என் பக்கமாத் தள்ளிட்டு, 'இதை எப்படி இருக்குதோ அப்படியே திருப்பிக் குடுத்துரு சாமி'ன்னுட்டுப் போயிட்டாங்க.

தேடினேங்கண்ணா. ஒரு மாசம் தேடினேன். கடைக் கம்ப்யூட்டர்ல இல்ல. பொங்கல் பேனருக்கு அவன் குடுத்த படம் மேலயே வேலை பண்ணி அது மேலயே சேவ் பண்ணியிருந்தேன். அவன் போன்ல எல்லாம் மேல இருந்து எடுத்த படம், மூஞ்சி மட்டும். கல்யாண வீட்டு ஆல்பம் மூணு பார்த்தேன். எல்லாத்துலயும் பின் வரிசை. முன் வரிசையில நிக்க வெச்சிருந்தா யார் வீட்டுக் குழந்தையையாவது தூக்கி வயித்துக்கு முன்னாடி பிடிச்சிருக்கான். ஒரு படத்துல பை. ஒரு படத்துல பெரிய வாழையிலைக் கட்டு. இதெல்லாம் எனக்கும் தெரிஞ்ச வித்தைதான். அழிச்சதைத் திரும்ப எடுக்கற சாப்ட்வேர் போட்டு ரெண்டு நாள் ஓட விட்டேன். ஒண்ணு வந்துச்சு. தலைமுடி வந்துச்சு, நெத்தி வந்துச்சு, புருவம் வந்துச்சு. அதுக்குக் கீழ எல்லாம் சாம்பக் கலரு.

இருபத்தஞ்சு வருசம் அவ்வளவு பெரிய உடம்போட இந்த ஊருல நடந்திருக்கான். ஒரு படம் இல்ல. அதுல பாதியை அவன் அழிச்சான், பாதியை நான் அழிச்சேன்.

அப்பத்தான் அந்தச் சட்டை ஞாபகம் வந்துச்சு. 'உடம்பு' போல்டர்ல நாப்பத்தி மூணு இருக்குதே, ஒண்ணு கூட வயிறு வெச்சது இல்ல. எங்கயாவது வெளிய தேடி எடுத்தாலும் அது யாரோ. சரி, நம்ம சட்டையைப் போட்டு நின்னு எடுப்போம், உள்ள ஒரு துணியைச் சுத்தி வெச்சுக்கிட்டா மகுடு அளவு வந்துரும்னு நெனச்சேன். அவன் என்னைவிடக் குண்டு, சொன்னேன்ல? ரெண்டு துண்டு கூட எடுத்து வெச்சிருந்தேன்.

பட்டன் போட முடியலீங்கண்ணா.

மேல ரெண்டு பட்டன் மாட்டிச்சு. வயித்துக்கிட்ட வரவே இல்ல. சட்டை சுருங்கியிருக்கும், வருசம் ஒண்ணு ஆச்சுல்ல. பருத்தித் துணி சுருங்கும். மூச்சைப் பிடிச்சு ஒரு மாதிரி மாட்டிக்கிட்டு, கேமராவை ஸ்டாண்டுல வெச்சு, டைமர் போட்டு, செவுத்தோரம் அவன் நிக்கற எடத்துல போயி நின்னேன். கையை எங்க வெக்கறதுன்னு தெரியல. எப்பவும் ஏதாவது ஒண்ணை முன்னாடி பிடிச்சுக்குவேன். அன்னிக்கு வெறுங்கையா நின்னேன். வயித்து மேல கையை வெச்சேன், போதும்மான்னு சொல்லுவானே, அந்த மாதிரி.

என் முழு உடம்பு தெரியற மாதிரி நான் எடுத்த மொதப் படம் அதுதான். எனக்குப் பொண்ணு பார்க்க அனுப்பின போட்டோ கூடப் பதினேழுதாங்க. அந்த வீட்டுக்காரங்க வந்து, என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பார்த்துட்டு, மாப்பிள்ளை வர நேரமாகுமான்னு எங்கிட்டயே கேட்டாங்க. அது வேற கதை, விடுங்க.

மூஞ்சிக்கு அவனோட டிரைவிங் லைசென்ஸ் படம் கெடைச்சுது. நல்ல உப்பின கன்னம். வெட்டி வெச்சேன். கழுத்தைச் சரி பண்ணவே தேவைப்படல. ஒட்டிக்கிச்சு. நான் நெறத்தைக் கூட மாத்தல. பார்த்தா அவனேதான் நிக்கறான். கடைக்கு வந்த ஒரு பையன் பின்னாடி இருந்து பார்த்துட்டு, 'அட, மகுடண்ணன்'னான்.

சட்டையா? இதோ, இந்தக் கவர்ல இருக்குது. நல்லா ஊற வெச்சுத் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணிக் கொண்டு போறேன். கழுத்துப் பட்டையில ஒரு வருச வேர்வைக் கறை, வாசம் வேற. துவைக்காமயே பெட்டியில வெச்சிருந்திருக்காங்க, பாவம், வயசானவங்க. அப்படியே எப்படித் திருப்பிக் குடுக்கறது? ரெண்டு தண்ணி மாத்தினதும் கறை போயிருச்சு. பாருங்க, புதுசு மாதிரி இருக்குது.

அந்தாங்க, வேப்பமரம் தெரியுது பாருங்க, அதுதான் ஸ்டாப்பு. நிக்கறாங்க. பாவாயம்மாதான். கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு பஸ்ஸைப் பார்க்கறாங்க. வர்றேன்னு போன் பண்ணியிருந்தேன், வெயிலுல எத்தனை நேரமா நிக்கறாங்களோ.

அண்ணா, ஒண்ணு சொல்லிட்டு எறங்கறேன். இதை யார்கிட்டயும் சொல்லல. நேத்து பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒருக்கா விரிச்சுப் பார்த்தேன். திரை முழுக்க அந்த வயிறு. என்னோடது. சட்டை இழுத்துக்கிட்டு நிக்குது, பட்டனுக்கு நடுவுல தோல் தெரியுது. ஆறடிக்கு நாலடி, ஊரே பார்க்கும். ஒரு அம்மாவுக்குக் குடுக்கற படமாச்சே, கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னு, இடுப்புல மட்டும் லேசா உள்ள தள்ளினேன். லேசாத்தான். ரெண்டு பக்கமும் ஒரு விரல் அளவு. அப்புறம் கன்னத்துல துளி. கை தானாப் போயிருச்சுங்க. சேவ் பண்ணிட்டேன். அது மேலயேதான்.

ஒரு விரல்தான். அந்தம்மாவுக்குத் தெரியுமாண்ணா?

இல்லீங்க, நீங்க எந்திரிக்க வேண்டாம். ரோலை மட்டும் பிடிச்சுக்கங்க. நான் வயித்தை எக்கிக்கறேன், அப்படியே போயிருவேன்.